நம் பேச்சில் உருவகம்

உருவகம் என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் வகுப்பில் எவரும் திணறமாட்டார்கள். உவமானமும் உவமேயமும் வேறு வேறு என்று தோன்றாதபடி இரண்டும் ஒன்றே என்று சொல்வது உருவகம் என ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுவார்கள். ‘முத்துப்பல்’ என்றால் உவமை, ‘பல்முத்து’ என்றால் உருவகம். ‘தாமரைமுகம்’ உவமை, ‘முகத்தாமரை’ உருவகம். சொல்லைப் புரட்டிப் போட்டால் அணியும் மாறிவிடும். அத்தோடு பாடம் முடிந்தது, புள்ளியும் கிடைத்தது. ஆனால் சொல்லைப் புரட்டிப் போடும்போது நமது மனத்தில் எது புரள்கிறது என்பதை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. நான் எழுத விரும்புவது அதைப் பற்றித்தான்.

நம்முடைய பழைய இலக்கணகாரர்கள் இந்த விடயத்தை மிகவும் உன்னிப்பாகக் கவனித்தவர்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே உவமவியல் என்று ஓர் இயல் இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியாக ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடலாம் என்கிறார் தொல்காப்பியர். உருவகத்துக்கென்று அங்கே தனி இயல் கிடையாது. உவமையின் நிழலிலேயே அது ஒதுங்கியிருக்கிறது. பின்னால், கி.பி. 12ஆம் நூற்றாண்டளவில் எழுந்த தண்டியலங்காரம் உருவகத்தை வேறாக எடுத்து 15 வகையாகப் பிரித்தது. அந்தப் பதினைந்தையும் நான் இங்கே அடுக்கப் போவதில்லை. அந்தப் பட்டியலுக்கு வெளியே, அணியிலக்கணத்தில் சொல்லப்படும் ஒரு வகையை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். ஒன்றை உருவகம் செய்துவிட்டு, அதோடு சேர்ந்து வரவேண்டிய மற்றதை உருவகம் செய்யாமல் விட்டுவிடுவது. திருக்குறளின் முதல் அதிகாரத்தில் வள்ளுவர் பிறவியைக் கடலாக்குகிறார். அதைக் கடக்க உதவும் இறைவனின் அடியைத் தோணி என்று அவர் சொல்லவில்லை. தோணியை வாசிப்பவர்களே செய்துகொள்கிறார்கள். சொல்லாமல் விட்ட இந்தத் தோணியை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

‘போல’ என்ற சொல் ஒரு வேலி. “நீ குரங்கு மாதிரித் தாவுறாய்” என்று என் தம்பியிடம் சொன்னால் சிரித்துக்கொண்டு இன்னும் இரண்டு தரம் தாவிக் காட்டுவான். “குரங்கு!” என்று மட்டும் சொன்னால் நேரே குசினிக்குள் போய் உம்மாவிடம் முறைப்பாடு வைப்பான். எட்டு வயதுப் பிள்ளைக்கு உவம உருபு தெரியாது. ஆனாலும் முதலாவதில் தான் வேலிக்கு இந்தப் பக்கமும் குரங்கு அந்தப் பக்கமும் நிற்பது அவனுக்கு விளங்குகிறது. இரண்டாவதில் வேலி இல்லை. உவமையைக் கேட்டு “அப்படியா? எந்த வகையில்?” என்று யோசிக்க இடமிருக்கிறது. உருவகம் அந்த இடத்தைத் தருவதில்லை. ஒப்பிட்டு முடிந்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது என்ற தோரணையில் அது வருகிறது.

கடந்த வருடம் ஒரு கொப்பியை எடுத்து, ஒரு கிழமைக்கு எங்கள் வீட்டில் யார் என்ன உருவகம் பேசினாலும் எழுதிக்கொண்டு வந்தேன். கவிதை எழுதுகிறவர்கள் எவரும் எங்கள் வீட்டில் இல்லை. இருந்தும் இரண்டாம் நாளே பக்கங்கள் நிரம்பத் தொடங்கிவிட்டன.

முதலில் அகப்பட்டது கோபம். நம் வீடுகளில் கோபம் அடுப்பின் மேல்தான் இருக்கிறது. உம்மா ‘கொதிச்சிப் போய்’ இருக்கிறா. வாப்பா கடையிலிருந்து ‘சூடாகி’ வருகிறார். மாமிக்குப் ‘பொங்கிக்கொண்டு’ வருகிறது. சிலர் வெளியே காட்டாமல் உள்ளுக்குள் ‘புகைந்து’கொண்டிருப்பார்கள், சிலர் பக்கத்தில் நின்று ‘எண்ணெய் ஊற்று’வார்கள். பெரியவர்கள் வந்து ‘தணிப்பார்கள்’. ஒன்றுமே செய்யாவிட்டாலும் இரண்டு நாளில் ‘ஆறி’விடும். கவனித்துப் பாருங்கள், இவை தனித்தனிச் சொற்கள் அல்ல. ஒரு பானை, ஒரு நெருப்பு, அதற்குள் ஒரு திரவம் என்று முழுச் சமையலுமே கோபத்துக்குள் இருக்கிறது. அதனால்தான் கோபக்காரரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதையும் நாம் சமையலிலிருந்தே எடுக்கிறோம். “ஆறட்டும், பொறகு கதைப்பம்” என்கிறோம். கொதிக்கிற பானையைத் தொடக்கூடாது என்று நமக்குத் தெரியும். கோபத்தை அடுப்பாக நினையாமல் வழி தவறிய ஒரு பிள்ளையாக நினைக்கும் சமூகம் எங்காவது இருந்தால், அங்கே கோபக்காரரைத் தனியே விடமாட்டார்கள், ஓடிப்போய்க் கையைப் பிடிப்பார்கள்.

அடுத்தது கதை. பேச்சு என்பது நமக்குக் கையால் பிடிக்கக்கூடிய ஒரு சாமான். கதையைக் கட்டுகிறோம், அளக்கிறோம், அவிழ்த்துவிடுகிறோம், காதில் போட்டுவைக்கிறோம். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்குகிறோம். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். கொட்டிய சொல்லை அள்ள முடியாது என்று மூத்தம்மா அடிக்கடி சொல்லுவா. கொட்டுவதும் அள்ளுவதும் நெல்லுக்கும் அரிசிக்கும் உரியவை. நெல்லையாவது கூட்டி அள்ளலாம், சொல்லை அதுவும் முடியாது என்பதில்தான் அந்தப் பேச்சின் வலி இருக்கிறது. நேரம் என்று வந்தால் அது காசாகிவிடுகிறது: செலவழிக்கிறோம், மிச்சம் பிடிக்கிறோம், வீணாக்குகிறோம். பாடம் தலைக்குள் ‘ஏறுவதில்லை’, ஏதோ தலை மேல்மாடியில் இருப்பதைப் போல.

1980ஆம் ஆண்டில் ஜோர்ஜ் லேக்கொஃப், மார்க் ஜோன்சன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் இதைத்தான் ஒரு நூலாக எழுதினார்கள். உருவகம் என்பது கவிஞர்கள் மொழிக்குப் பூட்டும் நகை அல்ல, மனிதர் சிந்திக்கும் முறையே அதுதான் என்பது அவர்களுடைய வாதம். அருவமான ஒன்றை நாம் நேரே பிடிக்க முடியாது. அதனால் கண்டும் தொட்டும் பழகிய ஒன்றின் மேல் ஏற்றிப் பிடிக்கிறோம். அவர்கள் ஆங்கிலத்திலிருந்து உதாரணம் எடுத்தார்கள். எனக்கோ எங்கள் குசினியே போதுமானதாக இருந்தது.

இன்னும் சில உருவகங்கள் இருக்கின்றன. அவை உருவகம் என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. பானைக்கு வாயும் கழுத்தும் வயிறும் இருக்கின்றன. கதிரைக்குக் கால் இருக்கிறது. தேங்காய்க்குக் கண் இருக்கிறது, ஊசிக்குக் காது இருக்கிறது. ஆங்கிலத்தில் ஊசியின் துவாரத்தைக் கண் என்கிறார்கள். இதை மூத்தம்மாவிடம் சொன்னபோது, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருந்தவ, “கண்ணென்டா அதுக்குத் தெரிய வேணுமே புள்ள, நானெல்லுவா தேடித் தேடிக் கோக்கிறன்” என்றா. அணியிலக்கணத்தில் ஓர் உருவகம் பொருந்துகிறதா இல்லையா என்று ஆராய்வதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

மொழிக்கு மொழி உருவகம் மாறுவதில் எனக்கு மிகவும் பிடித்தது குளிர்ச்சி. ஆங்கிலத்தில் அன்பு வெப்பமானது. அன்பில்லாதவருடைய இதயம் குளிர்ந்தது. பனி பெய்யும் நாட்டில் நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பதுதானே சுகம். நமக்கு அது தலைகீழ். மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம், இரக்கமுள்ளவரின் நெஞ்சில் ஈரம் இருக்கிறது. யாரையாவது ‘சூடான ஆள்’ என்றால் அவரிடம் கவனமாக இருக்கவேண்டும் என்று பொருள். தமிழில் மட்டுந்தான் இப்படி என்று எண்ணியிருந்தேன். ஆனால் நாம் ஓதும் துஆக்களில் ஒன்றைப் பாருங்கள். சூரத்துல் ஃபுர்கானில், எங்கள் துணைவரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியைத் தா என்று கேட்கும் அந்த துஆவில் வரும் ‘குர்ரத அஃயுன்’ என்ற அறபுத் தொடர் கண்களின் குளிர்ச்சியைத்தான் குறிக்கிறது. பாலைவனத்து மொழிக்கும் வெயிற்காலத்தில் வயல் வெடிக்கும் நம் ஊர்மொழிக்கும் இதில் ஒரு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் இந்தக் குளிர்ச்சி மொழிபெயர்ப்பாளரைத் திண்டாட வைக்கும்.

அறபு அணியிலக்கணத்தில் உருவகத்துக்கு ‘இஸ்திஆரா’ என்று பெயர். இரவல் வாங்குதல் என்பது அதன் பொருள். நமது ‘உருவகம்’ உருக் கொடுப்பதைச் சொல்கிறது, அறபுச் சொல்லோ இரவலைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதில் கூடுதல் விருப்பம். கலியாண வீட்டுக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நகை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது யாருடையது என்று தெரிந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். நல்ல உருவகமும் அப்படித்தான். இரவல் என்பதை மறைக்காமலே அழகாக இருக்கும். குர்ஆனில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று சொல்லப்படும் இடம் இதற்குப் பொருத்தமானது. ஆடை மறைக்கும், காக்கும், அழகுபடுத்தும், உடலோடு ஒட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே இருவருமே ஆடை. ஒருவர் ஆடை, மற்றவர் அணிபவர் என்று இல்லை.

இதைச் சொல்லிவிட்டு நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குப் பாவிக்கப்படும் உருவகங்களுக்கு வருவது கொஞ்சம் சங்கடமான காரியம். என் கொப்பியில் அதிகமான பக்கங்களைப் பிடித்துக்கொண்டவை அவைதான்.

‘குமர்’ என்பது நமக்குப் பழகிய சொல். கலியாணம் முடிக்காத பெண்பிள்ளையைக் குறிக்கும். குமரைக் ‘கரை சேர்க்க’ வேண்டும், ‘கரையேற்ற’ வேண்டும் என்பார்கள். ஏகதேச உருவகம் என்று முன்னர் சொன்னேனே, அது இங்கேதான் இருக்கிறது. கரை என்று சொல்கிறார்கள், கடலைச் சொல்வதில்லை. ஆனால் கரை என்றால் அதற்கு முன்னால் ஒரு கடல் இருக்கத்தான் வேண்டும். அப்படியானால் கலியாணத்துக்கு முன்னுள்ள எங்கள் இருபது வருடமும், பிறந்த வீடும், உம்மாவும் வாப்பாவும், பள்ளிக்கூடமும், இந்தச் சஞ்சிகையும் எல்லாமே கடல். நாங்கள் தத்தளித்துக்கொண்டிருக்கிறோம், எங்களுக்கே தெரியாமல். கரையில் ஏறியதும் கதை முடிந்துவிடும் என்பதும் அதற்குள் இருக்கிறது. கரையேறியவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இவ்வளவையும் யாராவது வாக்கியமாகச் சொன்னால் நாங்கள் மறுத்துப் பேசுவோம். உருவகத்துக்குள் வைத்துச் சொல்லும்போது தலையாட்டிவிடுகிறோம். உருவகம் சொல்லாமல் விட்ட பகுதி எப்போதும் நம்மைக் கேட்காமலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

‘சுமை’ என்ற உருவகமும் அப்படித்தான் என்று எழுதப் பார்த்தேன். ஆனால் அது அவ்வளவு எளிதல்ல. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது வழக்கம். இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு. வாப்பா கல்லும் மணலும் சீமெந்தும் வாங்கி வருடக்கணக்காக உயர்த்தும் சுவரைப் பார்த்தால், சுமை என்பது உருவகம்தானா என்றே சந்தேகம் வரும். இதற்கு மேல் கேட்கப்படும் காசுக்குக் ‘கைக்கூலி’ என்று பெயர். சீதனம் என்ற சொல்லின் இனிமை இதற்குக் கிடையாது. கூலி என்றால் வேலை ஒன்று இருக்கவேண்டும்; என்ன வேலைக்கான கூலி என்று கேட்டால் பதிலில்லை. சில வேளைகளில் ஊர்வழக்கு, மேடைத் தமிழைவிட நேர்மையாக இருக்கிறது.

எங்கள் ராத்தாவுக்கு உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, பேராதனைக்குத் தெரிவாகியிருந்த நேரம். தூரம், விடுதி, பஸ், ஊர்க்கதை என்று வீட்டில் நான்கு நாள் விவாதம் நடந்தது. ஐந்தாம் நாள் மூத்தம்மா நீட்டிப் பேசவில்லை. “முள்ளுல சீல பட்டாலும் சீலயில முள்ளு பட்டாலும் கிழியிறது சீலதான் மகள்” என்றா. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாப்பாவிடம் அதற்குப் பதிலே இருக்கவில்லை. காரணத்தோடு வந்தால் காரணத்தால் மறுக்கலாம். முள்ளையும் சேலையையும் என்ன செய்வது?

பிறகு நான் அந்தப் பழமொழியைக் கொப்பியில் எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணைச் சேலையாக்கியது அழகாகத்தான் படுகிறது. சேலை பெறுமதியானது, மென்மையானது. ஆனால் சேலைக்கு நடக்கத் தெரியாது, விலகத் தெரியாது, தன்னைத் தைத்துக்கொள்ளவும் தெரியாது. மற்றப் பக்கம் முள். முள்ளுக்குக் குத்துவது இயல்பு. அதைக் குற்றம் சொல்ல முடியாது, அதற்குப் புத்தி சொல்லவும் முடியாது. இந்த இரண்டையும் தெரிவுசெய்த கணத்திலேயே யார் பொறுப்பு, யார் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதப்பட்டுவிட்டது. மூத்தம்மா பொல்லாதவ அல்ல. கண்டதும் கேட்டதும் இழந்ததும் அவவை அப்படிப் பேசவைக்கின்றன. அவவின் பயம் உண்மையானது. அந்தப் பயம் எடுத்துக்கொண்ட உருவகத்தைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

பதில் உம்மாவிடமிருந்து வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவ திரும்பிக்கூடப் பார்க்காமல், “சீலய அலுமாரிக்குள்ள மடிச்சி வெச்சாலும் பூச்சி அரிச்சிரும் உம்மா” என்றா. மூத்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டா. ராத்தா இப்போது பேராதனையில் இரண்டாம் வருடம்.

உம்மா அங்கே என்ன செய்தா என்று யோசித்துப் பார்க்கிறேன். பெண் சேலையல்ல என்று அவ வாதாடவில்லை. வாதாடியிருந்தால் தோற்றிருப்பா. மூத்தம்மா கொண்டுவந்த அதே சேலையை வாங்கி, மூத்தம்மா காட்டாத பக்கத்தைத் திருப்பிக் காட்டினா. உருவகம் ஒரு பொருளின் எல்லாப் பக்கத்தையும் காட்டுவதில்லை. தனக்கு வேண்டியதை வெளிச்சத்தில் வைத்துவிட்டு மற்றதை இருட்டில் தள்ளிவிடும். ஆனால் இருட்டில் தள்ளிய பக்கமும் அந்தப் பொருளோடேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. தேவைப்படுகிறவர்கள் திருப்பிப் பார்க்கலாம்.

ஊர்ப் பொதுப் பேச்சிலும் ஒன்றைத் திருப்பிப் பார்ப்போம். கிழக்கு மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ‘புட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்று மேடைகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இலக்கணப்படி இது உவமைதான், ‘போல’ இருக்கிறது. ஆனால் சொல்லிச் சொல்லி ‘போல’ தேய்ந்து, ‘புட்டும் தேங்காய்ப்பூவும்’ என்றாலே விளங்கும் அளவுக்கு உருவகமாகிவிட்டது. புட்டுக் குழலில் ஒரு படை மா, ஒரு படை தேங்காய்ப்பூ, மறுபடி மா. கடற்கரை வீதியால் பஸ்ஸில் போனால் ஊர்களும் அப்படித்தான் மாறி மாறி வரும். இவ்வளவு பொருத்தமாக யார் முதலில் சொன்னார்களோ, அவர் குழலுக்குள்ளும் பார்த்திருக்கிறார், வீதியையும் பார்த்திருக்கிறார். ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: புட்டும் தேங்காய்ப்பூவும் ஒரே ஆவியில் வெந்தவை. இங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் அந்த ஆவியை அறிவார்கள். இன்னுமொன்று, இதில் புட்டு யார், தேங்காய்ப்பூ யார்? எங்கள் வகுப்பில் கேட்டபோது எல்லோரும் தாங்கள்தான் புட்டு என்றார்கள்.

இனிக் கவிதைக்கு வரலாம். பேச்சில் உள்ள உருவகத்துக்கும் கவிதையில் உள்ளதுக்கும் இனத்தில் வேறுபாடில்லை. பேச்சு உருவகத்தை நாம் கவனிக்காமல் கடந்துபோகிறோம், கவிஞர் நம்மை அதன் முன் நிறுத்திவைக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 90,000க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. கல்முனையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கவிஞர் இதை எழுதப் புகுந்தபோது, கண்ணீர்க் கடல் என்றோ அறிவுக் கோயில் இடிந்தது என்றோ எழுதவில்லை. கனவில் புத்தர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்; அவரது உடலைப் புத்தகங்களால் மூடி எரித்துவிடுகிறார்கள். நூலகத்தை எரித்தது புத்தரைக் கொன்றது என்பதுதான் முழுக் கவிதையும்.

அந்த உருவகம் செய்யும் வேலையைப் பாருங்கள். எரித்தவர்கள் யாருடைய பெயரால் எரித்தார்களோ அவரையே கொல்லப்பட்டவராக்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தின் இழப்பு என்று எண்ணிக்கொண்டிருந்ததை, புத்தரை வணங்கும் ஒருவரின் வீட்டு மரணமாக மாற்றிவிடுகிறது. வசை இல்லை, கோஷம் இல்லை. எரித்தது தவறு என்ற வாக்கியமும் தேவைப்படவில்லை. சிங்களம் பேசும் வாசகர் ஒருவர் மொழிபெயர்ப்பில் வாசித்தாலும், இது எனக்கு ஆனதல்ல என்று அதைத் தள்ளிவைப்பது கடினம். கவிதை முழுவதும் ‘போல’ என்று சொல்லி ஒதுங்குவதற்கு ஒரு வேலியும் இல்லை. உம்மா சேலையைத் திருப்பியதும் இதுவும் ஒரே வகைத் திறமைதான் என்று சொன்னால் விமர்சகர்கள் கோபிக்கக்கூடும். கோபித்தால் ஆறட்டும்.

எங்களைப் போன்றவர்கள் எழுதும்போது எங்கே தடுமாறுகிறோம்? பழைய இதழ்களைப் புரட்டினால் ஆசிரியர் எப்போதும் மெழுகுவர்த்தி. தன்னை உருக்கி ஒளி தருகிறார். முதன்முதலாக யாரோ சொன்னபோது அது சுட்டிருக்கும். இப்போது பரிசளிப்பு விழாவில் அதைக் கேட்கும்போது எந்த ஆசிரியையின் முகமும் நினைவுக்கு வருவதில்லை, மெழுகுவர்த்தியும் வருவதில்லை. எங்கள் கணித ஆசிரியை உருகுகிறவரும் அல்ல. விடையைப் பிழையாகச் சொன்னால் எங்களைத்தான் உருகவைப்பார். தேய்ந்த உருவகத்தின் கேடு இதுதான், அது நாம் கண்ணால் கண்ட ஆளையே அழித்துவிடுகிறது.

மற்றது கலப்படம். ‘கல்விக் கடலில் ஏறி வெற்றிக் கனியைப் பறிப்போம்’ என்ற வகை வரியைச் சொல்கிறேன். கடலில் இறங்கலாம், நீந்தலாம், மூழ்கலாம்; ஏற முடியாது. கனி வேண்டுமென்றால் முதலில் மரம் வேண்டும். உருவகம் ஒன்றைத் தொடங்கினால், அந்தப் பொருள் நிஜத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கடைசி வரை மறக்கக்கூடாது. மூத்தம்மாவின் கையில் ஊசியைக் கொடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

புதிய உருவகத்துக்கு நிலாவரை போகத் தேவையில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரத்தில், நூல் என்ற சொல் ஏன் புத்தகத்துக்கும் இழைக்கும் பொதுவாக வந்தது என்று விளக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சொற்கள் பஞ்சு, இயற்றப்படும் பனுவல் இழை, வாய் கை, அறிவு கதிர். இதில் புலவன் யார் தெரியுமா? நூல் நூற்கும் ஒரு பெண். இலக்கணம் எழுதிய ஒரு முனிவர், புலவர் என்பவரை விளங்கப்படுத்த ஒரு பெண்ணின் வேலையைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார். ‘நூல்’ என்று நாம் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் அங்கே இருந்து நூற்றுக்கொண்டிருக்கிறாள், நாம் கவனிக்காவிட்டாலும்.

நம்மைச் சுற்றி இப்படி எத்தனையோ வேலைகள் நடக்கின்றன. பன் பாய் இழைக்கிறவர்கள் முதல் ஒரு பன்னை மடித்துவிட்டு அடுத்ததைச் செருகும் விதம், மருதமுனைத் தறிகளில் பாவும் ஊடும் ஒன்றையொன்று தாண்டும் ஓசை, இழை அறுந்தால் நெசவு செய்கிறவர் தறியை நிறுத்தி, இரண்டு நுனியையும் தேடி எடுத்து, சேலையின் முன்பக்கத்தில் தெரியாதபடி போடும் அந்தச் சின்ன முடிச்சு. அந்த முடிச்சைக் கவிதையில் எடுத்த எவரையும் நான் இன்னும் வாசிக்கவில்லை. யாராவது எழுதினால் கொப்பியில் குறித்துவைக்க இடம் வைத்திருக்கிறேன்.